காபித் தோட்டம், அருவி, மலையேற்றம்: தருமபுரிப் பக்கம் நிதானமாக ஊர் சுற்ற வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளிக்கூட லீவு நெருங்கினால் என் போன் சூடாகிவிடும். சென்னை, பெங்களூர், ஓசூர் என்று சிதறிக் கிடக்கும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் தருமபுரியில் இருக்கும் நான்தான் டூரிஸ்ட் ஆபீஸ். கேள்விகள் வருஷா வருஷம் அதேதான். கேட்கிற ஆள் மட்டும் மாறுவார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய், ஒரு தடவை உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

ஒரே நாளில் ஒகேனக்கல், ஏற்காடு, தீர்த்தமலை மூன்றையும் முடித்துவிடலாமா?

முடிக்கலாம். முடித்த பிறகு நினைவில் நிற்பது முன் சீட்டின் பின்பக்கம் மட்டும்தான். ஒகேனக்கல் தருமபுரிக்கு மேற்கே 45 கிலோமீட்டர், தீர்த்தமலை கிழக்கே அரூரைத் தாண்டி, ஏற்காடு தெற்கே சேலத்தைத் தொட்டு மேலே. மூன்றும் மூன்று திசை. ஒரு நாளைக்கு ஓர் இடம், அதுவும் மத்தியானத்துக்கு மேல் ஒரு வேலையும் இல்லாமல். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

மாமா, தருமபுரியில் காபித் தோட்டமா? விளையாடாதீங்க.

இப்படிக் கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. வறட்சி மாவட்டம் என்றே பெயர் வாங்கிய ஊர் இது. ஆனால் ஊரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் வத்தல்மலை இருக்கிறது. சேர்வராயன் மலைக் கூட்டத்தைச் சேர்ந்தது, உயரம் மூவாயிரம் அடிக்கு மேல். பெரியூர், சின்னாங்காடு, பால்சிலம்பு, ஒன்றிக்காடு, நாய்க்கனூர் என்று சின்னச் சின்ன ஊர்கள். வீட்டுக்குப் பின்னால் காபி, நடுவே நிழலுக்கு சில்வர் ஓக், அதில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி, ஓரத்தில் ஒரு பலா. கொஞ்சம் தள்ளி வெட்டவெளியில் சாமை, ராகி, கடுகு. குடகில் இருப்பதுபோல் கண்ணுக்கெட்டிய வரை எஸ்டேட் என்று நினைத்து வந்தால் ஏமாந்து போவீர்கள். இங்கே இருப்பது சிறு விவசாயிகளின் காபி.

அங்கே இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடிகள். பேரைக் கேட்டதும் கேரளாவா என்று கேட்கக் கூடாது. மலையை ஆள்பவர்கள் மலையாளிகள், அவ்வளவுதான். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் ஆளுக்கொன்றாகக் குடியேறினார்கள் என்று அவர்களே ஒரு கதை சொல்வார்கள். பெரியவர் யாராவது திண்ணையில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

அப்போ ஏற்காடா, வத்தல்மலையா?

இரண்டுக்கும் போட்டி கிடையாது. ஏற்காட்டில் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபி கொண்டுவந்து போட்டார் என்பது வரலாறு. ஆகவே அங்கே இருநூறு வருஷத்துப் பழக்கம். பெரிய எஸ்டேட், ஏரி, படகு, பகோடா பாயின்ட், லேடீஸ் சீட், ஐஸ்கிரீம், கூட்டம், எல்லாம் உண்டு. வத்தல்மலையில் இது எதுவும் கிடையாது. டீக்கடையே தேட வேண்டியிருக்கும். குழந்தைகளோடு இரண்டு நாள் தங்கி இருக்க வேண்டுமானால் ஏற்காடு. காலையில் ஏறி, காற்று வாங்கி, யாரோடாவது பேசிவிட்டு மாலையில் இறங்கினால் போதுமென்றால் வத்தல்மலை. என்னைக் கேட்டால், ஏற்காட்டில் தங்குகிறவர்களும் அங்கே சந்தைத் தெருவை விட்டு விலகி, மலையைச் சுற்றிப் போகும் லூப் ரோட்டுப் பக்கம் தங்குவதுதான் புத்திசாலித்தனம். ஏரிக்கரையில் அறை எடுத்தால் இரவு பத்து மணி வரை ஹாரன் சத்தம்.

எந்த மாதம் வரலாம்?

இதை லீவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், காபிச் செடியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மார்ச், ஏப்ரலில் கோடை மழை ஒன்று விழும். அந்த மழைக்காகவே மொட்டுகள் காத்திருக்கும். விழுந்து எட்டு, பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் பூத்துவிடும். கிளையின் இரு பக்கமும் கொத்துக் கொத்தாக வெள்ளை, யாரோ அரிசி மாவைக் கொட்டினது போல. மணம் மல்லிகை மாதிரி, ஆனால் மல்லிகையைவிட லேசு. இரண்டு மூன்று நாளில் பழுப்பாகி உதிர்ந்துவிடும். தேதி குறித்து அறை பதிவு செய்து இதைப் பார்க்க முடியாது. மலையில் தெரிந்தவர் ஒருவரின் எண் இருந்தால், மழை பெய்ததும் போன் போட்டு, "பூத்துடுச்சா?" என்று கேட்டு, மறுநாளே கிளம்ப வேண்டும். நான் ஆறேழு வருஷத்தில் இரண்டு தடவைதான் சரியான நாளில் போயிருக்கிறேன்.

அப்புறம் காய் பிடித்து, அரபிகா பழுக்க எட்டு ஒன்பது மாதம் ஆகும். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை பறிப்பு. பழம் ஒரே நாளில் பழுக்காது. சிவந்ததை மட்டும் பறித்து, பச்சையை விட்டுவிட்டு, பதினைந்து நாள் கழித்து அதே செடிக்கு மறுபடி வருவார்கள். அந்தச் சமயத்தில் போனால் வேலை நடப்பதைப் பார்க்கலாம், குளிரும் இருக்கும். பறிப்புதான் பார்க்க வேண்டுமென்றால் டிசம்பர், ஜனவரிக்கு ஈடு கிடையாது.

அருவிதான் முக்கியமென்றால் கணக்கு வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

தோட்டத்துக்குள்ளே போகலாமா? பழம் பறிச்சுப் பார்க்கலாமா?

கேட்டுவிட்டுப் போங்கள். வேலி இல்லாததால் பொது இடம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது ஒருவரின் வருமானம். செடியோரம் நின்று போட்டோ எடுக்கும் அவசரத்தில் கிளையை ஒடித்தால், அடுத்த வருஷத்துப் பழமும் போச்சு.

இரண்டு வருஷம் முன்னால் ஜனவரியில் பெரியூர்ப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் நின்றோம். நீல நிறத் தார்ப்பாயில் காபிப் பழத்தைப் பரப்பிவிட்டு ஒரு அக்கா காலாலேயே கிளறிக்கொண்டிருந்தார், நெல் காய வைக்கும்போது செய்வோமே அதே மாதிரி. ஓரத்தில் கிடந்தது கறுப்பாகி உள்ளே கலகலவென்று ஆடியது, நடுவில் கிடந்தது இன்னும் சிவப்பு. "இது வெயில் அடிச்சா மூணு வாரம், மூடுனா கணக்கே இல்ல" என்றார். என் மகள் எதைத் தின்னலாம் என்று கேட்டதும் ஒரு பழத்தைப் பிதுக்கிக் காட்டினார். தோலுக்கும் கொட்டைக்கும் நடுவே வழவழவென்று ஒரு சவ்வு. சப்பினால் லேசான இனிப்பு, காபி வாசனை துளியும் இல்லை. உள்ளே இரண்டு கொட்டை, தட்டைப் பக்கம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. அடுத்த பழத்தில் ஒன்றே ஒன்று, உருண்டையாக. "இதுதாங்க கடையில பீபரின்னு கூட வாங்குறாங்க" என்றார் அக்கா. இத்தனை வருஷம் பீபரி என்பது ஒரு ஜாதி என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

சிறு விவசாயிகள் பெரும்பாலும் இப்படி முழுப் பழமாகவே காய வைப்பார்கள். பெரிய எஸ்டேட்டில் மெஷினில் தோலுரித்து, ஊறவைத்து, கழுவிக் காய வைப்பார்கள். அதற்குப் பார்ச்மென்ட் என்று பெயர். விலை கூட. ஆனால் தண்ணீரும் மெஷினும் வேண்டும்.

அங்கேயே காபித்தூள் கிடைக்குமா?

ஏற்காட்டில் தாராளமாகக் கிடைக்கும். கடையில் "சிக்கரி எவ்வளவு?" என்று வாய்விட்டுக் கேளுங்கள், சொல்லாவிட்டால் வாங்காதீர்கள். வறுத்த தேதியும் கேளுங்கள். அரைத்து இரண்டு மாதம் கண்ணாடி ஜாடியில் அழகுக்கு நின்ற தூள் மலையில் விற்றாலும் பழைய தூள்தான். வத்தல்மலையில் வறுக்காத கொட்டையாகவே கிடைக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் இரும்புச் சட்டியில் வறுக்கலாம், பொறுமை இருந்தால். முதல் தடவை கரிந்துவிடும். சமையலறை மூன்று நாள் மணக்கும். மூன்றாவது தடவையில் கை பிடிபட்டுவிடும்.

இன்னொரு விஷயம் தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். அதனால்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013 முதல் காவிரித் தண்ணீர் வருகிறது. எங்கள் வீட்டில் குழாயில் "ஒகேனக்கல் தண்ணி" வந்த நாள் டிகாஷனுக்கும், போர் தண்ணீர் டிகாஷனுக்கும் வித்தியாசம் என் அம்மா கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்.

வத்தல்மலை ரோடு எப்படி? நானே ஓட்டலாமா?

இருபதுக்கு மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். ரோடு குறுகலானது. சமவெளியில் மட்டுமே ஓட்டிப் பழகியவர் உள்ளூர் டிரைவரை வைத்துக்கொள்வது நல்லது. தானே ஓட்டுபவர்களுக்கு மூன்று சொல்ல வேண்டும்.

ஏறும் வண்டிக்கு வழி விடுங்கள், நடுவில் நிறுத்தினால் மறுபடி கிளப்புவது அவர்களுக்குத்தான் கஷ்டம். வளைவுக்கு முன்னால் ஹாரன். இறங்கும்போது முதல் அல்லது இரண்டாவது கியர். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர்களை எனக்குத் தெரியும், என் பெரியப்பா மகன் ஒருவர் அடிவாரத்தில் சக்கரத்திலிருந்து புகை வர நின்றதையும் பார்த்தேன். பிரேக்கில் கை வைக்க முடியாத சூடு. அரை மணி நேரம் வண்டியை ஆறப்போட்டு, யாரும் யாரோடும் பேசாமல் வீடு வந்தோம்.

சேலம் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாயிலும் இதே புத்திமதிதான். நான்குவழிச் சாலைதானே என்று அலட்சியமாக இறங்காதீர்கள். லாரிகள் பிரேக் பிடிக்காமல் வந்து நடந்த விபத்துகள் அங்கே கொஞ்சநஞ்சமல்ல. ஏற்காட்டுக்கு சேலம் வழியில் 20 வளைவு. குப்பனூர் வழியும் இருக்கிறது, கூட்ட நாளில் இறங்க அது சௌகரியம்.

சொந்த வண்டி இல்லையே, என்ன செய்வது?

சென்னையிலிருந்து சேலம் போகும் ரயிலில் மொரப்பூரில் இறங்கினால் தருமபுரி பக்கம்தான். பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாக தருமபுரிக்கே ரயில் உண்டு. பஸ்ஸுக்குக் குறையே இல்லை. ஒகேனக்கலுக்கு பென்னாகரம் வழியாக நிறைய பஸ். வத்தல்மலைக்கும் பஸ் உண்டு, ஆனால் டவுன் பஸ் மாதிரி நினைத்த நேரத்துக்கு வராது. ஏறுவதற்கு முன்னாலேயே கண்டக்டரிடம் கடைசி பஸ் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அருவியில் எப்போ குளிக்கலாம்? போன தடவை வந்து சும்மா திரும்பினோம்.

இந்தக் குறையோடு வருகிறவர்கள் பாதிப் பேர். ஒகேனக்கலை இங்கத்து மழை பார்த்துப் போகக் கூடாது, கர்நாடக, கேரள மழையைப் பார்த்துப் போக வேண்டும். இங்கே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும், குடகிலும் வயநாட்டிலும் கொட்டும். கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பித் திறந்துவிட்டால் ஓரிரு நாளில் வெள்ளம் இங்கே வந்து நிற்கும். எல்லையில் பிலிகுண்டுலு என்ற இடத்தில் மத்திய நீர்வள ஆணையம் தண்ணீரை அளக்கிறது. காலைப் பேப்பரில் "நீர்வரத்து இத்தனை ஆயிரம் கனஅடி" என்று வருவது அந்தக் கணக்கு. எங்கள் ஊரில் தங்கம் விலைக்கு அடுத்து எல்லோரும் பார்ப்பது அதைத்தான். லட்சம் கனஅடியைத் தாண்டிய வருஷங்களும் உண்டு. அப்போது ஐந்தருவி, மெயின் அருவி எல்லாம் மறைந்து வெறும் செம்மண் வெள்ளமாகத்தான் தெரியும். குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டுவிடுவார்கள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் கிளம்பும் முன் அன்றைய செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தடை போட்ட அன்று பரிசல்காரரிடம் கெஞ்சிப் பயனில்லை. கெஞ்சவும் கூடாது.

ஒகே என்றால் கன்னடத்தில் புகை. நீர் விழுந்து எழும்பும் திவலையைப் பார்த்துப் புகைக்கல் என்று வைத்த பேர். அந்தப் புகை நன்றாகத் தெரிய, ஆபத்தும் இல்லாமல் இருக்க, வெள்ளம் வடிந்த அக்டோபர் முதல் ஜனவரி வரை நல்லது. கோடையில் தண்ணீர் குறைந்தால் பாறைகளுக்கு நடுவே பரிசல் போகும் அந்த இடுக்கு வேறு அழகு. பரிசலில் லைஃப் ஜாக்கெட் போட மாட்டேன் என்று அடம் பிடிக்காதீர்கள். சுற்றிச் சுற்றி விடச் சொல்லிக் காசு கொடுப்பதும் வேண்டாம்.

எண்ணெய்க் குளியல்தான் நிதானத்தின் சிகரம். பாறையில் உட்கார வைத்து நல்லெண்ணெய் ஊற்றி அடித்துப் பிசைவார்கள். முதல் இரண்டு நிமிஷம் "எதுக்குடா வந்தோம்" என்று தோன்றும். பேரம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், முழு உடம்பா தலை மட்டுமா என்பதையும் சேர்த்து. அப்புறம் அருவி, அப்புறம் மீன். கடையில் மீன் வாங்கி, பக்கத்தில் சமைத்துக் கொடுக்கும் அம்மாக்களிடம் கொடுத்தால் குழம்பும் வறுவலும் ஆகிவிடும். சாப்பிட்டு மரத்தடியில் ஒரு தூக்கம். இதற்கே முழுநாள் வேண்டும், இதில் எங்கே ஏற்காடு?

ஆளில்லாத மடுவில் இறங்க வேண்டாம். சுழல் உண்டு, முதலையும் உண்டு. முதலையைப் பார்க்க ஆசையென்றால் அங்கேயே வனத்துறை பராமரிக்கும் இடம் இருக்கிறது, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பாருங்கள்.

ஏற்காட்டில் கிளியூர் அருவி?

ஏரி நிரம்பி வழிந்தால் அருவி. ஏப்ரல், மேயில் போய் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு வந்து என்னைத் திட்டியவர்கள் நிறைய. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு போங்கள். இறங்குவது சுலபம், ஏறும்போது முட்டி பேசும்.

மலையேற்றம் போகணும். சொந்தமாகக் காட்டுக்குள்ளே போகலாமா?

கூடாது. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர்விட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு வனத்துறை இறுக்கிவிட்டது, அது சரிதான். 2024 அக்டோபரில் தமிழகம் முழுக்க 40 மலையேற்றத் தடங்களை அரசே திறந்து, ஆன்லைனில் பதிவு, கூடவே உள்ளூர் வழிகாட்டி என்று ஏற்பாடு செய்திருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குத்திராயன் அதில் ஒன்று. மேலகிரி மலைத்தொடரின் உயரமான சிகரம், ஏறத்தாழ 1,400 மீட்டர். தீக்காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மூடியிருக்கும்.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டு சொல்வேன். ஒன்று இராயக்கோட்டை. ஊருக்கு மேலே பாறை மலையும் கோட்டையும். 1791இல் திப்புவோடு நடந்த போரில் ஆங்கிலேயர் பிடித்தது. காலை ஆறு மணிக்கு ஏறத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் இறங்கிவிடலாம். மேலே நிழலும் தண்ணீரும் எதிர்பார்க்காதீர்கள். இரண்டு, தீர்த்தமலை. இங்கே படிக்கட்டு இருக்கிறது, துணைக்குக் குரங்கும் இருக்கிறது. பாறை இடுக்கிலிருந்து ராமர் தீர்த்தம் தலையில் கொட்டும், அகத்தியர், குமாரர், கௌரி, அக்னி என்று மற்றவையும் உண்டு. பிளாஸ்டிக் பையில் தேங்காய் பழம் கொண்டுபோனால் குரங்கு ஆசீர்வாதம் நிச்சயம்.

யானை வருமாமே?

வரும். வத்தல்மலையில் இல்லை, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி, ஓசூர்ப் பக்கம். பன்னர்கட்டாவிலிருந்து காவிரிக் காடு வரை அவற்றுக்கு அது பழைய வழி. 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என்று இரண்டு வன உயிரினச் சரணாலயங்கள் அறிவித்தது அதற்காகத்தான். ராகி கதிர் பிடிக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரை கூட்டமாக வயலுக்கே வந்துவிடும். இருட்டிய பிறகு அஞ்செட்டி ரோட்டில் வண்டி ஓட்டாதீர்கள். யானை நின்றால் நின்றுவிடுங்கள், விளக்கை அடித்து ஹாரன் போடாதீர்கள். இறங்கி செல்ஃபி எடுப்பவரை என் வண்டியில் ஏற்றமாட்டேன்.

எங்கே தங்கலாம்?

வத்தல்மலையில் ஏற்காடு போல வரிசையாக விடுதிகள் கிடையாது. தருமபுரியில் தங்கிக் காலையில் ஏறிவிடுங்கள். ஒகேனக்கலில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக விடுதி உண்டு, ஏற்காட்டிலும் உண்டு.

ஏற்காட்டில் "எஸ்டேட் ஸ்டே" என்று போட்டிருந்தால் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: காலையில் என்ன காபி தருவீர்கள்? ஒரு தடவை நாங்கள் தங்கிய இடத்தில் ஜன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் காபிச் செடி. காலையில் தட்டில் வந்தது வெந்நீர், பால்பவுடர் பாக்கெட், இன்ஸ்டன்ட் காபி பாக்கெட், ஒரு குச்சி. அந்தக் குச்சியால் கலக்கிக்கொண்டு நான் செடியைப் பார்த்தேன், செடி என்னைப் பார்த்தது.

சாப்பாட்டுக்கு என்ன ஸ்பெஷல்?

களி. ராகிக் களி உருண்டையும் கீரைக் கடைசலும் சொல்லிச் செய்ய வைத்தால் கிடைக்கும். கடையில் கேட்டால் புரோட்டாதான் நீட்டுவார்கள். குளிர்காலத்தில் பச்சை அவரைக்கொட்டைக் குழம்பு. மே, ஜூனில் வந்தால் கிருஷ்ணகிரி மாம்பழம், மலையில் பலா. களியைக் கடித்துத் தின்னாதீர்கள், கிள்ளிக் குழம்பில் புரட்டி முழுங்குங்கள். சென்னைப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே ஒரு வேளை போகும்.

ஸ்வெட்டர் வேணுமா?

டிசம்பர், ஜனவரியில் வேண்டும். மற்ற மாதத்தில் பெரியவர்களுக்கு ஒரு சால்வை போதும்.

அம்மா அப்பாவுக்கு வயசாச்சு. அழைத்து வரலாமா?

வரலாம். கிளியூர் அருவி, இராயக்கோட்டை இரண்டையும் விட்டுவிடுங்கள். தீர்த்தமலையில் அடிவாரத்திலேயே ஒரு கோயில் இருக்கிறது, அவர்கள் அங்கே இருக்கட்டும். வளைவுகளில் தலைசுற்றல் வருபவர்களை முன் சீட்டில் உட்கார வையுங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மலை ஏற்றாதீர்கள். ஒரு எலுமிச்சம்பழம் கையில் கொடுத்தால் மோந்துகொண்டே வந்துவிடுவார்கள். எங்கள் பாட்டி காலத்து வைத்தியம், இன்னும் வேலை செய்கிறது.

மழை பிடித்துக்கொண்டு ரூமிலேயே அடைந்துவிட்டால்?

தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போங்கள். இந்தப் பக்கத்து நடுகற்கள் அங்கே இருக்கின்றன: மாட்டைக் கவர்ந்து போனவர்களோடு சண்டை போட்டுச் செத்த வீரன், கையில் வில், சுற்றி எழுத்து. தகடூர் அதியமானின் ஊர் இது, ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன். பக்கத்தில் அதியமான்கோட்டையில் சென்றாயப் பெருமாள் கோயில் ஓவியங்களையும் பார்த்துவிடலாம். பென்னாகரம் பக்கம் போனால் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம். 1925இல் அவர் உயிர் பிரிந்தது அந்த ஊரில்தான்.

இதற்குக் குடகுக்கே போய்விடலாமே?

போங்களேன். இந்தியாவின் காபியில் பெரும்பங்கு கர்நாடகத்தில்தான் விளைகிறது, தோட்டம் என்றால் அதுதான் தோட்டம். ஆனால் இங்கிருந்து பெங்களூர் நெரிசலைத் தாண்டி, மைசூரைத் தாண்டி, போக ஒரு நாள், வர ஒரு நாள். நான்கு நாள் லீவில் இரண்டு நாள் காரில். ஒரு வாரம் லீவு கிடைத்தால் குடகு. மழைக்காலத்தில் போனால் அட்டைக்கு உப்பு எடுத்துப்போங்கள்.

சரி அண்ணா, மூணு நாள் இருக்கு. நீங்களே சொல்லிடுங்க.

முதல் நாள் காலை வந்து இறங்கி, குளித்து, சாப்பிட்டு, தூங்குங்கள். மாலையில் அருங்காட்சியகம் திறந்திருந்தால் போங்கள், இல்லாவிட்டால் கடைத்தெரு. இரண்டாம் நாள் விடியற்காலை வத்தல்மலை, கையில் இட்லிப் பொட்டலத்தோடு. ஒன்பது மணிக்குள் மேலே இருந்தால் மூடுபனி கலைவதைப் பார்க்கலாம். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குத் தோட்டத்து ஓரமாக நடங்கள், கூட ஊர்க்காரர் ஒருவரை வைத்துக்கொண்டு, அவருக்குக் கூலியும் கொடுத்து. குப்பையைப் பையில் போட்டுத் திரும்ப எடுத்து வாருங்கள். மூன்றாம் நாள் ஒகேனக்கல், எண்ணெய், மீன், தூக்கம். தண்ணீர் அதிகமாகித் தடை போட்டிருந்தால் தீர்த்தமலை. ஏற்காட்டை அடுத்த லீவுக்கு வையுங்கள், அது எங்கேயும் ஓடிவிடாது.

திரும்பும்போது என்ன வாங்கிப் போகலாம்?

மிளகு, சாமை, காபி. பலா காலமென்றால் பலாப்பழம். ஒன்றே ஒன்று: காபித்தூளையும் பழுத்த பலாவையும் ஒரே டிக்கியில் வைக்காதீர்கள். காபித்தூள் பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும். போன ஜூனில் என் மச்சான் இரண்டையும் சேர்த்துக் கட்டி பெங்களூர் கொண்டுபோனார். அரைக் கிலோ தூள். தீருகிற வரைக்கும் தினமும் காலையில் எனக்கு போன் வந்தது.